‘எல்லாரும் நல்லா பேசினாங்க’ என்பதற்கு அப்புறம் என்ன எழுதுவது?

கேள்வி இதுதான். சென்னையில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள். சமூக அறிவியல் வகுப்பில் பிள்ளைகளை ஐந்தைந்து பேராகப் பிரித்து, ‘வரலாற்றை மாற்றிய ஒருவர்’ என்ற தலைப்பில் குழுவாகப் பேசச் சொன்னார்கள். எல்லாக் குழுவும் பேசி முடித்தாயிற்று. இப்போது, பேசியதையும் கேட்டதையும் பற்றி யோசித்து ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். “எல்லாரும் நல்லா பேசினாங்க, நிறைய விஷயம் தெரிஞ்சுகிட்டேன்” என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்துவிட்டாள். என்ன சொல்லிக்கொடுப்பது என்று அவளுடைய அம்மா கேட்கிறார்.

வடசென்னைப் பள்ளிகளில் பல வருஷம் வரலாறு நடத்தியவன் நான். இந்த ‘யோசித்து எழுது’ தாள்களைக் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன். சுருக்கமாகச் சொல்வதென்றால், யார் நன்றாகப் பேசினார்கள் என்பதை உங்கள் மகள் விட்டுவிடட்டும். அது மார்க் போடுகிற மிஸ்ஸின் வேலை. மேடையில் தனி ஆளாகக் காட்டப்பட்ட அந்தத் தலைவரின் பக்கத்தில் உண்மையில் யாரெல்லாம் நின்றார்கள், எதிரே யார் நின்றார்கள், அவர்கள் ஏன் ஸ்லைடில் வரவில்லை? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் இரண்டு பக்கம் பற்றாது.

இந்த நிகழ்ச்சி எப்படி நடந்திருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். முதல் ஸ்லைடில் பெரிய படம், கீழே குழுவில் இருப்பவர்களின் பெயர். அடுத்து பிறப்பு, பெற்றோர். அடுத்து கல்வி. அப்புறம் ‘சாதனைகள்’ என்று புள்ளி வைத்து எட்டு வரி. விருதுகள், மறைவு, அவர் பெயரில் இருக்கும் சாலை, தபால்தலை. கடைசியில் ‘நன்றி’ என்று ஒரு ரோஜாப்பூ. காந்தியோ, அப்துல் கலாமோ, மேரி கியூரியோ, பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும், அதே ஸ்லைடு ஓடும். பிள்ளைகள் மேல் தப்பில்லை. எட்டு நிமிஷம் கொடுத்து ஒரு முழு வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால் யாராக இருந்தாலும் இப்படித்தான் செய்வார்கள். ஆனால் அந்தப் பேச்சைப் பற்றி யோசித்து எழுதும்போதும் அதே எட்டு வரியைத் திருப்பி எழுதினால் அது ஒப்பிப்பதாகத்தான் இருக்கும்.

ஒரு வகுப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிய குழு. ஒரு பெண் அப்பாவின் வெள்ளை முழுக்கைச் சட்டையை டாக்டர் கோட்டாகப் போட்டுக்கொண்டு, கழுத்தில் பொம்மை ஸ்டெத்தாஸ்கோப் மாட்டி நின்றாள். மடித்துவிட்ட கை அடிக்கடி அவிழ்ந்து விரலை மூடிக்கொண்டது. ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் அதை மேலே தள்ளிவிட்டுக்கொண்டே பேசினாள். “தேவதாசி முறையை ஒழித்தவள் நான்!” என்று கையை உயர்த்தி முடித்தாள். நல்ல கைதட்டல். கேள்வி நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், “சார், அந்தத் தேவதாசிங்க என்ன சொன்னாங்க?” என்றான். கிண்டலுக்குக் கேட்டானா, நிஜமாகவே கேட்டானா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. குழுவில் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதற்குள் பெல் அடித்துவிட்டது.

அன்றைக்கு வந்த கேள்விகளில் உருப்படியானது அது ஒன்றுதான். கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மகள் வகுப்பிலும் முத்துலட்சுமி ரெட்டி வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார், 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார், 1927-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார். இவ்வளவும் ஸ்லைடில் இருந்தது. அவருடைய தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பது இல்லை. அது தெரிந்தால்தான் அவர் சட்டமன்றத்தில் எழுந்து நின்று பேசியது எத்தனை நெருக்கமான விஷயம் என்று புரியும். அடுத்து, ‘ஒழித்தார்’ என்று ஒரே சொல்லில் முடித்த காரியம் எப்படி நகர்ந்தது என்று பாருங்கள். 1927-ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். 1929-ல் அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. கோயில் சேவைக்குப் பதிலாகத்தான் அந்தப் பெண்களின் குடும்பங்களுக்கு இனாம் நிலம் விடப்பட்டிருந்தது. சேவையை நிறுத்தினால் நிலம் போய்விடும். பிறகு எப்படி ஒருத்தி வெளியே வருவாள்? சேவை செய்யாவிட்டாலும் நிலம் அவளுக்கே என்று ஆக்கியது அந்தத் திருத்தம். என்னைக் கேட்டால் வகுப்பில் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இதுதான். ஆனால் வேஷம் போட்டு நடிக்க இதில் ஒன்றும் இல்லாததால் விட்டுப்போகிறது. 1930-ல் பொட்டுக்கட்டுவதையே, அதாவது பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதையே தடுக்கும் மசோதா கொண்டுவந்தார். அதே ஆண்டு காந்தி கைதானதைக் கண்டித்து உறுப்பினர் பதவியை விட்டு விலகினார். சட்டம் நிறைவேறியது 1947-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில். நடுவே பதினேழு வருஷம்.

இந்தப் பதினேழு வருஷத்தில் சண்டையை உயிரோடு வைத்திருந்தவர்களில் ஒருவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். அந்த வாழ்க்கைக்குள் தள்ளப்பட்டு, அதிலிருந்து வெளியே வந்து, ஊர் ஊராகப் போய் மேடையேறிப் பேசியவர். 1936-ல் அதைப் பற்றி ஒரு நாவலே எழுதினார். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதே, அந்தத் திட்டம் இவர் பெயரில்தான் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் ‘புதுமைப் பெண்’ என்ற பெயரைத் தெரிந்த அளவுக்கு இவரை யாருக்கும் தெரியாது.

எதிர்ப்பக்கமும் வெறும் பழமைவாதிகளால் ஆனதில்லை. தேவதாசிகள் சிலர் சங்கமாகக் கூடி மசோதாவை எதிர்த்து மனு கொடுத்தார்கள். அவர்களில் முன்னின்றவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தன் சொந்தச் சொத்தைச் செலவழித்துக் கட்டியெழுப்பிய அதே நாகரத்தினம்மாள்தான். எங்கள் கலையையும் சொத்துரிமையையும் பார்க்காமல் எல்லாரையும் ஒரே பெயரில் அடைக்கிறீர்கள், படிப்பு கொடுங்கள், நாங்களே மாறிக்கொள்கிறோம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இதைக் கேட்டபின் முத்துலட்சுமி ரெட்டி செய்தது தப்பு என்றாகிவிடாது. என் பார்வையில் அவர் செய்தது சரி. ஆனால் சரியான ஒரு காரியத்தாலும் ஒரு சிலருக்கு ஏதாவது பறிபோகும் என்று தெரிந்துகொள்ள ஒன்பதாம் வகுப்பு சின்ன வயசு ஒன்றும் இல்லை. அந்தப் பையனுக்கு அன்றே தோன்றியதே.

உங்கள் மகள் இதையெல்லாம் எழுத வேண்டும் என்று சொல்ல வரவில்லை. “எங்கள் வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்தது, பதில் யாரிடமும் இல்லை, வீட்டுக்கு வந்து தேடினேன், இது கிடைத்தது” என்று ஒரே ஒரு தலைவரைப் பற்றி எழுதினால் போதும். பத்துக் குழுவைப் பற்றியும் இரண்டிரண்டு வரி எழுதுவது வருகைப்பதிவேடு படிக்கிற மாதிரி ஆகிவிடும்.

சரி, காமராஜர். அவர் இல்லாத பிரசன்டேஷன் நாள் சென்னையில் கிடையாது. “மதிய உணவுத் திட்டத்தைக் கண்டுபிடித்தவர்” என்று ஒரு குழு சொல்லும். 1920-லேயே, தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவிட்டுச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. தீபாவளிக்குத் துணி எடுக்கத் தி.நகர் போகிறோமே, அந்தத் தியாகராயர்தான். 1950-களில் காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். அப்போது கல்வித் துறை இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு, ஊர் மக்களிடமே அரிசியும் பணமும் திரட்டிப் பள்ளியில் உலை வைக்க வழிசெய்ததில் அவருக்குப் பெரிய பங்கு. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார், 1989-ல் கருணாநிதி ஆட்சியில் தட்டில் முட்டை வந்தது, 2022-ல் ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவு வந்தது. இந்த வரிசையைச் சொன்னால் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் முகம் சுளிப்பார், எந்தப் பெயரில் சுளிப்பார் என்பது அந்த வீட்டுக் கட்சியைப் பொறுத்தது. அதனாலேயே பிள்ளைகள் ஒரு பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். காமராஜரின் பெருமை இதில் ஒரு துளியும் குறையவில்லை. ஒரு பள்ளியில் நடந்ததை ஆயிரக்கணக்கான பள்ளிகளில் நடத்தலாம் என்பது யாருக்கும் தோன்றிவிடக்கூடிய யோசனை. செய்து முடித்தது அவர்.

ராமானுஜன் குழுவும் இருந்திருக்கும். ஏழ்மை, கணக்குத் தவிர மற்ற பாடங்களில் ஃபெயில், பிறகு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி கண்டுபிடித்தார், 1729 என்ற டாக்ஸி நம்பர். வழக்கமான கதை இதுதான். 1913 ஜனவரியில் அவர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தர். அதே அலுவலகத்தில் மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் தானும் கணக்குப் படித்தவர். சாயங்காலங்களில் ராமானுஜனோடு உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டவர். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் அதற்கு முன்பே கைச்செலவுக்கு மாதாமாதம் பணம் கொடுத்தவர். இந்தியக் கணிதக் கழகத்தின் இதழ் 1911-லேயே அவர் கட்டுரையைப் போட்டிருந்தது. அதாவது கேம்பிரிட்ஜ் கண்டுபிடிப்பதற்கு முன் சென்னை அவரைக் கண்டுபிடித்துவிட்டது. எந்தக் குழுவாவது ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைப் பற்றி ஒரு ஸ்லைடு போட்டதா என்று உங்கள் மகளைக் கேளுங்கள். ராமானுஜன் 1920-ல் சேத்துப்பட்டில் இறந்தபோது ஜானகி அம்மாளுக்கு இருபதை ஒட்டிய வயதுதான். அதற்கப்புறம் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்து, 1994 வரை இருந்தார். இன்றைக்கு ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையின் தாத்தா பாட்டி அவரைத் தெருவில் பார்த்திருக்கக்கூடும்.

பாரதியாரைப் பற்றி ஒரே விஷயம். “யானை தாக்கி இறந்தார்” என்று எந்தக் குழுவாவது சொல்லியிருந்தால், அதை வைத்தே ஒரு பத்தி எழுதலாம். 1921-ல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. ஆனால் தேறிவிட்டார். அந்த ஜூலை மாதக் கடைசியில் ஈரோடு கருங்கல்பாளையம் போய், ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்ற தலைப்பில் சொற்பொழிவே ஆற்றினார். செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு வந்து இறந்தார். யானைக் கதை ஏன் இவ்வளவு ஒட்டிக்கொண்டது என்று அவளே யோசிக்கட்டும். நல்ல பதில் வரும்.

வ.உ.சி.க்கும் இதே மாதிரி ஒரு கதி. தெர்மாகோலில் கப்பல் செய்வார்கள், செக்கு செய்வார்கள், கைதட்டல் வாங்குவார்கள். 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளியே வந்தவர் 1936 வரை வாழ்ந்தாரே, அந்த இருபத்துநாலு வருஷம் என்ன செய்தார் என்று கேட்டால் சார்ட்டில் இடம் இருக்காது. சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை, பெரம்பூர் என்று குடியிருந்தார், பணக்கஷ்டத்தில் தவித்தார், திருக்குறளுக்கு உரை எழுதினார், தொல்காப்பியத்தின் பழைய உரையைப் பதிப்பித்தார். கப்பல் போனபின் ஒரு மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பதும் வரலாறுதான்.

இனி அவளுடைய சொந்தக் குழுவைப் பற்றி. மிஸ் உண்மையில் எதிர்பார்ப்பதும் இந்தப் பகுதியைத்தான், பிள்ளைகள் எழுதத் தயங்குவதும் இதைத்தான். ஐந்து பேரில் ஒருத்தி ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து ஸ்லைடு போட்டிருப்பாள். ஒருவன் ஜெராக்ஸ் கடைக்கும் சார்ட் பேப்பர் வாங்கவும் அலைந்திருப்பான். ஒருவன் வாட்ஸ்அப் குரூப்பில் கட்டை விரல் மட்டும் காட்டிவிட்டு, அன்றைக்கு முதல் ஆளாக மைக்கைப் பிடித்திருப்பான். “நான் பேச மாட்டேன்” என்று சொல்லிவிட்டு ஒரு பிள்ளை சார்ட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கும். நல்ல தகவலைக் கொண்டுவந்ததே அந்தப் பிள்ளையாக இருக்கும். வகுப்பின் நினைவில் நிற்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நாராயண ஐயருக்கும் சுந்தரவடிவேலுவுக்கும் நடந்ததுதான் அங்கேயும் நடக்கிறது. இதை அவள் எழுத வேண்டும், ஆனால் கோள் சொல்லும் தொனியில் கூடாது. “இந்த வேலையை இவர் செய்தார், மேடையில் இது தெரியவில்லை” என்று நல்லதைப் பெயர் சொல்லி எழுதட்டும். செய்யாதவர்களின் பெயரை எழுத வேண்டாம், மிஸ்ஸுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

இன்னொன்று, யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்பது. பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், முதல் ஐந்து நிமிஷத்தில் பெரிய பெயர்களைப் பிடித்துக்கொள்வார்கள். தேடினால் படம் நிறைய வரும், தகவல் தயாராக இருக்கும். பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது, “உங்க தாத்தா யாராவது பின்னி மில்லில் வேலை பார்த்தாரா?” என்று கேட்டால் நாலைந்து கைகள் உயரும். அந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகத்தான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். பி.பி. வாடியா, திரு.வி.க. பெயர்களாவது புத்தகத்தில் வரும். அதற்கு முதலில் வித்திட்ட செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இரண்டு உள்ளூர்க்காரர்களை யாரும் சார்ட்டில் ஒட்டியதில்லை. 1923-ல் இந்தியாவில் முதல் மே தினம் சிங்காரவேலர் முன்னின்று இந்தச் சென்னைக் கடற்கரையில்தான் நடந்தது. 1907-ல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று வாரப் பத்திரிகை நடத்திய அயோத்திதாசரும் சென்னைவாசிதான். மண்டேலாவைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லவில்லை, தாராளமாகப் பேசலாம். பத்துக் குழுவில் ஒரு குழுகூட பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் வாழ்ந்த ஓர் ஆளை எடுக்கவில்லை என்றால், அதைக் கவனித்து எழுதுவதே ஒரு நல்ல பத்தி. ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த வருஷம் தலைவர்களின் பட்டியலைப் பிள்ளைகளிடம் நீட்டாதீர்கள். ‘இவர் எடுத்த ஒரு முடிவு’ என்று தலைப்பைச் சுருக்கிக் கொடுத்துப் பாருங்கள். ‘பிறப்பு, கல்வி’ ஸ்லைடு தானாகவே காணாமல் போகும்.

எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம். முதல் வரியிலேயே விஷயத்துக்கு வரட்டும். “வரலாறு என்பது...” என்று தொடங்கும் தாளை மிஸ் அன்றைக்கு முப்பது படித்திருப்பார். வகுப்பில் கேட்டதில் தன்னை இடறிய ஓர் இடம், அதைத் தேடிப்போய்க் கண்டது, அதனால் அந்தத் தலைவரைப் பற்றி முன்பு நினைத்ததில் என்ன மாறியது, பிறகு தன் குழு. இதற்கே இரண்டு பக்கம் ஓடிவிடும். தேடுவதற்கு விக்கிப்பீடியாவில் தொடங்கினால் தப்பில்லை, அங்கேயே முடித்தால்தான் தப்பு. சனிக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ எழும்பூர் கன்னிமாராவுக்கோ அழைத்துப்போனால் அரைநாளில் ஒரு நல்ல புத்தகத்தில் நாலு பக்கமாவது படித்துவிடலாம். போக முடியாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகங்களும் இதழ்களும் வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கும். சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்குவதை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடைசி பெஞ்ச் பையன் என்ன கேட்டான் என்று அதற்குத் தெரியாது.

தலைவர் சொன்னதாக ஏதாவது வசனத்தை மேற்கோளாகப் போட ஆசைப்பட்டால், அது எங்கே, எப்போது சொன்னது என்று தெரிந்தால் மட்டும் போடட்டும். படத்தோடு சுற்றி வருகிற பொன்மொழிகளில் பாதிக்கு ஊரும் கிடையாது, தேதியும் கிடையாது.

எழுதி முடித்ததும், தன் குழுவைப் பற்றிய பத்தியை மட்டும் கொடுப்பதற்கு முதல்நாள் மற்ற நாலு பேரிடமும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘இதை நான் செய்யவே இல்லையே’ என்றோ, ‘அதை நான்தானே செய்தேன்’ என்றோ யாராவது சொன்னால் திருத்திக்கொள்ளலாம்.